காரணம் கூறுக

பல்லி மழைக்கோட்டு போட்டிருந்தது. தலையில் தொப்பி, தொப்பிக்குக் கீழே முட்டை முட்டையாக இரண்டு கண். "நான்தான் துப்பறிவாளர். கதவு வழியாக வருகிற பழக்கமில்லை, மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவரிலிருந்து தொப்பென்று மேசைமேல் விழுந்தது. மணிமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் யாருமில்லை, ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லி விழும் பலனில் தலைக்கு உண்டு, தோளுக்கு உண்டு, முழங்காலுக்குக்கூட உண்டு. மேசைக்கு என்ன போட்டிருக்கிறானோ பஞ்சாங்கக்காரன். ஃபோன் திரையில் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடிற்று, ஆனால் அவள் காதில் அது தமிழாகவே விழுந்தது, அதுவும் நெய்வேலித் தமிழாக, அதிலும் தங்கச்சி எழில் பேசுகிற மாதிரி கொஞ்சம் மூக்கால். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. கணவர் சம்பந்தம் பையனை அழைத்துக்கொண்டு கடலூருக்குச் செஸ் போட்டிக்குப் போயிருக்கிறார், ஏழு மணிக்கு முன்னால் வரமாட்டார்கள். டீப்பாயில் பிளஸ் டூ தாவரவியல் விடைத்தாள் கட்டு நூல்கூடப் பிரிக்காமல் கிடந்தது. விருத்தாசலத்தில் பெண்கள் பள்ளியில் பதினேழு வருஷமாக டீச்சர், ஒரு நாளும் கட்டைப் பிரிக்காமல் உட்கார்ந்ததில்லை. இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் பத்தரைக்கு அந்தச் செய்தி வந்ததிலிருந்தே ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்று வருஷமாக ஒரு வார்த்தை எழுதாத தங்கச்சி, அயர்லாந்தில் இருக்கிற எழிலரசி, ஒரு லிங்க்கை அனுப்பி அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: "ரெண்டு மணி நேர கேம்தான். வெளாடிப் பாரு." அவ்வளவுதான். அக்கா என்றுகூட இல்லை. நல்லாருக்கியா இல்லை. மணிமொழி அதை நாற்பது தடவை படித்தாள். 'வெளாடிப் பாரு' என்பதில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தாள், 'ரெண்டு மணி நேர கேம்தான்' என்பதில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று பார்த்தாள், புள்ளி வைத்திருக்கிறாளே, எழில் எப்போது புள்ளி வைப்பாள் என்று யோசித்தாள், சோற்றைப் போட்டுச் சாப்பிடாமல் மூடி வைத்தாள், கடைசியில் மூன்று மணிக்கு லிங்க்கைத் தொட்டாள்.

கதை இதுதான். கடலோரப் பாறைமேல் ஒரு லாட்ஜ். தினம் காலையில் அங்கே ஒரு வெண்கல மணி அடிப்பார்கள், அதைக் காணோம். லாட்ஜ் மேனேஜர் ஒரு கிழட்டு நாரை, அதுதான் பல்லியைக் கூப்பிட்டனுப்பியது. சமையல்காரர் ஆடு. கீழ் அறையில் இரட்டை ஆமைகள், ஒன்று பேச ஆரம்பிக்கும், மற்றது முடிக்கும், அதுவும் தப்பாக முடிக்கும். மாடி அறையில் ஒரு குடை தங்கியிருக்கிறது. குடை எப்படி லாட்ஜில் ரூம் எடுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொருவரையும் தொட்டால் பேசுவார்கள். அலமாரியைத் தொட்டால் திறக்கும். கிடைத்ததையெல்லாம் பல்லி கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளும். கடைசியில் ஒரு நோட்டு வரும், அதில் மூன்று கட்டம்: யார், எப்படி, ஏன். மூன்றையும் சரியாக நிரப்பினால் கேம் முடிந்தது. நோட்டு என்று பார்த்ததும் மணிமொழிக்குக் கை துறுதுறுத்தது. தொண்ணூற்றொன்பதில் அவள்தான் நோட்டு, எழில்தான் மவுஸ். அப்பா, ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை டிவிஎஸ் வண்டியில் கயிறு போட்டுக் கட்டி இரண்டு நடையாகக் கொண்டுவந்தார், முதல் நடையில் பெட்டி, இரண்டாம் நடையில் திரை. நெய்வேலி பதினெட்டாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் முன்னறை ஜன்னலோரம் வைத்து, அம்மா அதன்மேல் பூப்போட்ட துணி போட்டாள். ஏதோ பத்திரிகையோடு சும்மா கொடுத்த சிடி. அதில் ஒரு கப்பல், கப்பலில் கேப்டனுடைய கிளி காணாமல் போயிருக்கும். பன்னிரண்டு வயசு எழில் நாற்காலியில் மண்டி போட்டுக்கொண்டு மவுஸை அரைப்பாள். பதினேழு வயசு மணி பக்கத்து ஸ்டூலில், போன வருஷத்து டைரியை வைத்துக்கொண்டு, எந்த அறையில் என்ன, யார் என்ன சொன்னான், எல்லாவற்றையும் எழுதுவாள். "அக்கா, அந்தச் சாவி எங்கருந்து எடுத்தோம்?" "நாப்பத்திரெண்டாம் பக்கம். சமையல் ரூம், மாவு டின்னுக்குள்ள." "டீ, நீ எப்டிடீ இதெல்லாம் வெச்சிருக்க?" அக்காவை டீ போடாதே என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். அந்தக் குரலுக்காகவே எழில் இன்னொரு தரம் போடுவாள். ஏழாம் நம்பர் அறைக் கதவு வரைக்கும் போனார்கள். கதவைத் தொட்டால் திரை கறுத்து, முழு விளையாட்டு வேண்டுமானால் இந்த விலாசத்துக்கு எழுதவும் என்று வரும். அது மாதிரிக்குக் கொடுத்த சிடிதான், முழுசு இல்லை. அப்போது அது தெரியாது. தாங்கள்தான் எதையோ விட்டுவிட்டோம் என்று அந்தக் கோடை முழுக்க முதலிலிருந்து முதலிலிருந்து ஆடினார்கள்.

அப்பா முதல் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வருவார். சுரங்கத்தில் பம்பு ஃபோர்மேன், மழைத் தண்ணியையும் ஊற்றுத் தண்ணியையும் இறைத்து வெளியே தள்ளுகிற வேலை, எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கரி இருக்கும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு இரண்டு பேருக்கும் பின்னால் வந்து நிற்பார். "கண்டுபுடிச்சாச்சா?" "இல்லப்பா." "சமையக்காரன்தான்." "எப்டிப்பா சொல்றீங்க?" "எங்க கேன்டீன்ல பாத்தவன் சொல்றேன், எப்பவுமே சமையக்காரன்தான்." எழில் விழுந்து விழுந்து சிரிப்பாள், அப்பா அவள் தலையில் கை வைத்துக் கலைப்பார். மணி சிரித்துக்கொண்டே அதையும் டைரியில் எழுதினாள், அப்பா சொன்னது: சமையல்காரன். இப்போது ஆட்டைத் தொட்டாள். ஆடு ஏப்ரன் கட்டிக்கொண்டு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தது, "மணியா, எனக்கு என்ன தெரியும், நான் சமையல்காரன்" என்றது. அதானே, என்றாள் மணிமொழி, வாய்விட்டே. அதற்கும் முன்னால், டிவிஎஸ் வராத சின்ன வயசில், அப்பா சைக்கிளில் போவதென்றால் எழில் முன்னால் பாரில், அவள் பின்னால் கேரியரில். மரம் அடர்ந்த அந்த நேர்நேரான ரோடுகளில் சிவில் சப்ளைக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கும் அப்படித்தான் போனார்கள். காற்றில் அப்பா முன்னால் குனிந்து எழிலிடம் என்னவோ சொல்லுவார், எழில் அண்ணாந்து பதில் சொல்லுவாள். பின்னால் சட்டை படபடவென்று அடித்துக்கொள்ளும், ஒன்றும் கேட்காது. எழிலுக்கு அப்பா என்றால் முகவாய். அவளுக்கு முதுகு. ஒரு வருத்தமும் இல்லை, அப்போது இல்லை, முதுகும் அப்பாதானே, வியர்வை மணமும் துவைத்த காடாத் துணியின் மணமும் சேர்ந்து அதற்கென்று ஒரு வாசனை இருந்தது, கன்னத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வந்து எழிலைத்தான் கேட்க வேண்டும். எழில் பாதி மறந்திருப்பாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறப்பாள், வேண்டிய அளவுக்குக் கிடைத்தவர்கள்தான் அப்படி மறக்க முடியும்.

முதல் கட்டத்தில் ஆடு என்று போட்டாள். இரண்டாவதில், சூப் குண்டானுக்குள் ஒளித்து. மூன்றாவதில் வரிசையாகக் காரணங்கள் வந்தன, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பொறாமை, பசி, மறதி, தூக்கம் கெடுகிறது, அன்பு. தூக்கம் கெடுகிறது என்று போட்டாள், காலையில் மணியடித்தால் யாருக்குத்தான் கெடாது. பல்லி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தது. "ஒன்றுகூடச் சரியில்லை. இருந்தாலும் அழகான கையெழுத்து." மறுபடி சிரிப்பு. கீழே போய் ஆமைகளைத் தொட்டாள். "மேனேஜர் நல்லவர்," என்றது ஒரு ஆமை. "எங்களைப் போகவே விடமாட்டார்," என்றது இன்னொன்று. குடையைத் தொட்டாள். "காலை மணி அடித்தால் ரூமைக் காலி செய்ய வேண்டும், அதுதான் இங்கே சட்டம்," என்றது குடை. "மூன்று நாளாக மணி அடிக்கவில்லை. நாங்களும் போகவில்லை." மணிமொழியின் விரல் திரைமேல் நின்றுவிட்டது. வெளியே காய்கறி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் தக்காளி தக்காளி என்று போனான். மேனேஜர் நாரையைப் பல்லியே விசாரிக்கவில்லை, கூப்பிட்டனுப்பியவர் என்று விட்டுவிட்டது. யார் கட்டத்தில் நாரையைப் போட்டாள். எப்படி, தன் சிறகுக்குள் ஒளித்து. ஏன். காரணம் கூறுக, இரண்டு மதிப்பெண். மாதிரி விடையில் இருக்கிற வாக்கியம் விடைத்தாளில் இருந்தால் இரண்டு, பாதி இருந்தால் ஒன்று, கதை அளந்திருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. பிள்ளைகள் அளப்பார்கள். தெரியாதவர்கள்தான் நீளமாக எழுதுவார்கள். அவளே மூன்று வருஷத்துக்கு முன்னால் நீளமாக எழுதினாள். எழில் ஏழு மாசம், எழிலுக்கு ஏற்கெனவே ஒன்று தங்கவில்லை, அவளைப் பதறவைக்கக் கூடாது, ஃப்ளைட் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்தால் ஏறாமல் இருப்பாளா, அதனால்தான் சொல்லவில்லை. சம்பந்தத்திடம் சொன்னாள், சித்தப்பாவிடம் சொன்னாள், துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியவ பொறுப்பா யோசிச்சிருக்கா என்றார் சித்தப்பா. ஒருத்தி மட்டும் தலையாட்டவில்லை. "ஃபோன்ல பேசறதுக்கு எதுக்குக்கா ஃப்ளைட்டு?" என்று கேட்டாள் எழில். அழவில்லை, கத்தவில்லை, கணக்கில் ஒரு வரி புரியாத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். மணிமொழி ஃபோனைச் சம்பந்தத்திடம் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் எழில் பேசவில்லை. பிறந்த குழந்தையின் படங்கள் சம்பந்தத்தின் ஃபோனுக்குத்தான் வரும், அவர் குளிக்கப் போகும்போது எடுத்துப் பார்ப்பாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அப்பா ஒன்பது நாள் இருந்தார். ஐப்பசி மாசம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறல், பெரும்பாலும் மயக்கம். இரண்டாம் நாள் எழில் கூப்பிட்டபோது சளி, தூங்கறார் என்றாள், ஐந்தாம் நாள் கூப்பிட்டபோதும் தூங்கறார் என்றாள், அதுவரைக்கும் அந்த நீளமான காரணம் காரணமாகத்தான் இருந்தது, சத்தியமாக, அதுவரைக்கும். ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு அப்பா கண் விழித்தார். விளக்குப் போட்ட மாதிரி. பேச்சு தெளிந்திருந்தது, கொஞ்சம் இழுவை, அவ்வளவுதான். நர்ஸே ஆச்சரியப்பட்டுப் போனாள். சம்பந்தம் ஊருக்குப் போயிருந்தார். அறையில் அவளும் அப்பாவும். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள், அப்பாவின் முகவாய் அவள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது, நரைமுள்ளாக, அங்கே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருப்பதை அவள் நாற்பது வயசில் அன்றைக்குத்தான் பார்த்தாள். அப்பா பேசினார். அவளிடம். மணி, மணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு. மூன்று மணி வரைக்கும், நாலு மணி நேரம். நடுவில், ஒன்றரை இருக்கும், சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போன சத்தம் கேட்டது, அப்பா சொன்னார்: "எழிலுக்குப் போடு. கொஞ்சம் பேசறேன்." ஃபோன் அவள் மடியில் இருந்தது. மடியில்தான் இருந்தது, பையில் இல்லை, சார்ஜரில் இல்லை. "அவ இப்ப ஆபீஸ்ல இருப்பாப்பா. சாயங்காலம் போடலாம்," என்றாள். அயர்லாந்தில் அப்போது காலை எட்டு, எழில் காபி போட்டுக்கொண்டிருப்பாள், அது மணிமொழிக்குத் தெரியும். அப்பா சரி என்று தலையாட்டினார், எப்போதும் போல, பெரியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சாயங்காலம் நாலரைக்குக் கண் மூடியவர் அப்புறம் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் முடிந்தது. போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழில் ஹலோ என்றிருப்பாள். அப்பா முகம் மாறியிருக்கும். அவ்வளவுதான். முகம் மாறுவதைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. இதுதான் அந்த இரண்டு மதிப்பெண் விடை. இதை யாரிடமும் சொன்னதில்லை, சம்பந்தத்திடம்கூட, ராத்திரி புரண்டு படுக்கும்போது தனக்கே முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அன்பு என்ற சொல்லை இழுத்து மூன்றாம் கட்டத்தில் போட்டாள். திரை முழுக்க வெளிச்சமாயிற்று. நாரை சிறகை விரித்தது, உள்ளே வெண்கல மணி. "இவர்கள் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் நான் மட்டும்தான்," என்றது. ஆமைகள் கை தட்டின. பல்லி நாரையைக் கைது செய்யவில்லை, ஒரு கப் சூப் வாங்கிக் கொடுத்தது, பெயர்கள் மேலே ஓடத் தொடங்கின. மணிமொழி ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அப்படியானால் எழிலுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அந்த நர்ஸ்? இல்லை, அந்த அறையில் யாரும் இல்லை. ஆனால் எழில் புத்திசாலி, அவள் மூன்று வருஷமாக உட்கார்ந்து யோசித்திருப்பாள், யார், எப்படி, இரண்டு கட்டம் அவளுக்கு முதல் நாளே தெரியும், மூன்றாவதை இப்போது கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்து, திட்டாமல், ஒரு விளையாட்டை அனுப்பி, நீயே உன் கையால் நிரப்பு என்கிறாள். புள்ளி வைத்தது அதற்குத்தான். மணிமொழி எழுந்து சமையலறைக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். மணி ஐந்தேகால். அங்கே மத்தியானம் பன்னிரண்டேமுக்கால், சனிக்கிழமை. யோசித்தால் செய்யமாட்டோம் என்று தெரிந்து, நின்றுகொண்டே கூப்பிட்டாள்.

"ஹலோ," என்றது எழில் குரல். பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"வெளாடிட்டேன்," என்றாள் மணிமொழி.

"முடிச்சிட்டியா? யாரு?"

"என்ன யாரு?"

"யாரு எடுத்தாங்கன்னு கேக்கறேன். நான் முடிக்கலைக்கா. அந்த ஆமைங்ககிட்ட மாட்டிக்கிட்டேன், நாலு நாளா. நோட்டு எழுதி வெச்சாத்தான் இதெல்லாம் ஆவும்னு தோணிச்சு. அதான் உனக்கு அனுப்பினேன்."

மணிமொழி சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை, குற்றச்சாட்டு இல்லை, பொறி இல்லை, ஆமையிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்து அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். இப்போது மேனேஜர் நாரை என்று சொல்லலாம். சிரிக்கலாம். குழந்தையைப் பற்றிக் கேட்கலாம், அங்கே குளிரா என்று கேட்கலாம், அடுத்த சனிக்கிழமையும் பேசலாம், அப்படியே பொங்கல் வரும், சித்திரை வரும், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். எவ்வளவு சுலபம். வாய் அதற்குத்தான் திறந்தது.

"எழிலு," என்றாள். "ஆஸ்பத்திரில ஆறாம் நாளு அப்பாக்கு நல்லா நெனவு வந்துச்சு. நாலு மணி நேரம் பேசினாரு. உனக்குப் போடச் சொன்னாரு. ஃபோன் என் கையிலதான் இருந்துச்சு. நான் போடலை."

எழில் குழந்தையைத் தட்டாதே என்று அதட்டுவது கேட்டது.

"நான் மாசமா இருந்தேன்னுதானா?"

"இல்ல. அது நான் எல்லார்கிட்டயும் சொன்னது." மணிமொழி சுவரை விட்டு நிமிர்ந்து நின்றாள். "நீ பேசினா அவரு உன்கிட்டப் போயிடுவாரு. எனக்கு அவரு வேணும்னு இருந்துச்சுடீ. அன்னிக்கு ஒரு நாளு."

லைன் அறுந்தது. எழில்தான் அறுத்தாள், சிக்னல் போய் அறுந்ததில்லை. மணிமொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே விடைத்தாள் கட்டு. நூலைப் பிரித்தாள், முதல் தாளை எடுத்தாள், ஏதோ ஒரு பிள்ளை ஒளிச்சேர்க்கை என்று அழகாக எழுதியிருந்தது, எழுத்து எழுத்தாகப் பார்த்தாள், சொல்லாகச் சேரவில்லை. போயிற்று. கையில் வந்ததைத் தூக்கிப் போட்டாயிற்று. சம்பந்தம் வந்து ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்பார், அவரிடமும் சொல்ல வேண்டும். ஒரு பாரம் கீழே இறங்கின மாதிரியும் இருந்தது, அதே பாரம் எங்கோ ஒரு ஊரில் ஒரு சமையலறையில் இன்னொருத்தி மடியில் போய் உட்கார்ந்த மாதிரியும் இருந்தது. தன் நிம்மதிக்காகவா சொன்னோம்? அதுவும் ஒரு திருட்டுதானா? எழில் அழுவாள். குழந்தை என்னம்மா என்று கேட்கும். அந்தக் குழந்தைக்கு அம்மா அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிற வயசா? மூன்று. மணிமொழிக்கு அந்தப் பிள்ளையின் குரல்கூடச் சரியாகத் தெரியாது. தெரு விளக்கு போட்டுவிட்டார்கள், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே. ஆறு மணி ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஃபோன் அடித்தது. இரண்டு தரம் அடிக்கவிட்டு எடுத்தாள், பயம்.

"அக்கா." மூக்கடைத்த குரல். "எனக்குக் கோவம் போகல. போயிடும்னு நெனைக்காத."

"சரி."

"உன்ன மன்னிச்சேன்னுலாம் சொல்லமாட்டேன்."

"சொல்லாத."

"ஆனா அந்த நாலு மணி நேரம் எனக்கு வேணும். எல்லாத்தயும் சொல்லு. அவரு என்ன சொன்னாரு, நீ என்ன சொன்ன, எப்டி உக்காந்திருந்தாரு, எல்லாம். நீ பாட்டுக்கு டீச்சர் மாதிரி சுருக்கிச் சொல்லாத. நான் பாப்பாவத் தூங்க வெச்சிட்டேன். எனக்கு வேலை ஒண்ணும் இல்ல."

மணிமொழி விடைத்தாளைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் அப்படியே இருந்தது, ஒரு சொல் சிந்தவில்லை, மூன்று வருஷமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததால் தேயவும் இல்லை.

"கண்ணு முழிச்சதும் மொதல்ல, மழை பெய்யுதான்னு கேட்டாரு," என்று ஆரம்பித்தாள். "இல்லப்பான்னேன். நம்பல. ஜன்னலத் தொறக்கச் சொன்னாரு. சுரங்கத்துல தண்ணி ஏறியிருக்கும், ரெண்டாவது பம்பு ஓடுதான்னு கேளுன்னாரு."

"யார்கிட்டக் கேட்ட?"

"யார்கிட்டக் கேக்கறது? வராந்தா வரைக்கும் போயிட்டு வந்து, ஓடுதுப்பான்னு சொன்னேன். அப்புறம்தான் நிமிந்து படுத்தாரு."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்து, பிறகு அடங்கிற்று.

"அப்புறம்?" என்றாள் எழில்.